கண்ணாடிக்குக் காவல்



பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவர்களிடம், எந்த வேலைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இறக்கை ஒட்டுவதைச் சொல்ல மாட்டார்கள். விமானி அறையின் கண்ணாடிக் கூரையில், அதாவது கேனப்பியில், சட்டங்களுக்கு நிறம் பூசுவதைத்தான் சொல்வார்கள்.

விமானத்தின் உடலில் பிசகு நேர்ந்தால் புட்டி வைக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், மறுபடியும் பெயிண்ட் அடிக்கலாம். கேனப்பியின் நிறமற்ற பாலிஸ்டைரீனில் இந்தச் சலுகை எளிதில் கிடைக்காது. விழுந்த கீறலை மறைப்பது கடினம்.

போதாக்குறைக்கு அளவு வேறு. மாடல் உலகில் மிகவும் பழகிய ஸ்கேல் 1/72. அசல் விமானத்தின் 6 அடி, மாடலில் 1 அங்குலம். அசலில் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள உலோகச் சட்டம் இங்கே சுமார் 0.4 மில்லிமீட்டர். எத்தனை நல்ல பிரஷ்ஷாக இருந்தாலும், அந்த அகலத்தில் நெளியாமல் ஒரு கோடு இழுப்பது லேசில்லை. ஆகவே அனுபவசாலிகள் சட்டத்தை வரைவதில்லை. சட்டம் அல்லாத இடத்தையெல்லாம் மூடிவிட்டு, மிச்சத்தின் மேல் பெயிண்டைத் தெளிக்கிறார்கள். நிறம் ஏறுவது சட்டத்தில். உழைப்பு முழுவதும் கண்ணாடிக்கு.

இதற்குக் கடுமையான பரீட்சை, ஜெர்மனியின் ஹைன்கெல் 111 குண்டுவீச்சு விமானம். 1940-இல் பிரிட்டன் மீது பறந்த அதன் மூக்குப் பகுதி முழுக்கச் சட்டமிட்ட கண்ணாடி. விமானி இடப்பக்கம் உட்காருவார். அவர் பார்வையை மறைக்காதபடி முன்புறத் துப்பாக்கியை வலப்பக்கம் ஒதுக்கினார்கள். மூக்கும் கூடவே கோணிக்கொண்டது. அதனால் இடப்பக்கக் கண்ணாடிச் சில்லுக்கு வெட்டிய மறைப்பைத் திருப்பிப் போட்டால் வலப்பக்கம் பொருந்தாது. ஒவ்வொரு சில்லுக்கும் தனி அளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கேனப்பியைக் கழுவி, நிறமற்ற அக்ரிலிக் பூச்சில் முக்கி எடுத்து, தூசி படாமல் மூடி உலரவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஃப்யூச்சர் என்ற பெயரில் விற்ற தரை பாலிஷ் இதற்காகவே மாடல்காரர்களிடையே பிரபலமானது. கண்ணாடி பளிச்சென்று ஆகும். சூப்பர் குளூவின் ஆவி பட்டு வெள்ளை பூப்பதும் குறையும்.

அடுத்தது டேப். ஜப்பானின் டமியா நிறுவனத்து மஞ்சள் காகித டேப் மாதிரி, மெல்லியதாகவும் பசை மிச்சம் வைக்காததாகவும் இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கண்ணாடி மேல் ஒட்டி, பல்குத்தும் குச்சியின் முனையால் சட்டத்தின் ஓரமாக அழுத்தி நீவுங்கள். டேப் பள்ளத்தில் படிந்ததும் சட்டத்தின் விளிம்பு ஒரு கோடாக எழுந்து தெரியும். புத்தம் புது பிளேடை அந்த விளிம்பில் சாய்த்து, மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது; டேப் அறுபட்டால் போதும். மழுங்கிய பிளேடு டேப்பைக் கிழிக்கும், நம்மையும் அழுத்த வைக்கும். கீறல் விழுவது அப்போதுதான்.

வளைவான சில்லில் அகல டேப் சுருங்கும். அங்கே மெல்லிய கீற்றுகளை ஓரத்தில் மட்டும் வளைத்து ஒட்டி, நடுவைச் சிறு துண்டுகளால் நிரப்பலாம். மாஸ்கால் போன்ற ரப்பர் திரவத்தையும் பூசலாம். ஆனால் அதில் அம்மோனியா உண்டு. தரை பாலிஷ் பூச்சை அது பதம் பார்த்துவிடும். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு, செக் நாட்டு எடுவார்ட் நிறுவனம் பல மாடல்களுக்கு அளவாக வெட்டிய மறைப்புகளையே விற்கிறது.

பெயிண்ட் அடிப்பதில் ஒரு சூட்சுமம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் சட்டத்தின் உட்புறமும் தெரியும். எனவே முதலில் அடிக்க வேண்டியது உள்ளறையின் நிறம். விமானத்தின் வெளிநிறம் அதற்கு மேல். பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் என்றால் முதலில் சாம்பல் கலந்த பச்சை. ஏர்பிரஷ்ஷைத் தள்ளிப் பிடித்து, பனி படிவதுபோல் சில பூச்சுகள் போதும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டேப்புக்கு அடியில் கசியும். நிறத்துக்கு முன்பு நிறமற்ற வார்னிஷை ஒரு முறை அடித்துவிட்டால், கசிவது அதுவாகத்தான் இருக்கும், கண்ணுக்கும் தெரியாது.

டேப்பைச் செங்குத்தாகத் தூக்காமல், பின்பக்கமாக மடித்து மெல்ல உரியுங்கள். மீறிக் கசிந்த பெயிண்டைக் கூராக்கிய மரக்குச்சியால் சுரண்டலாம், உலோகம் வேண்டாம். கடைசியில் கேனப்பியை உடலோடு ஒட்ட, தச்சர்களின் வெள்ளைப் பசையே நல்லது. உலர்ந்தால் நிறமின்றிப் போகும், ஆவியும் எழுப்பாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஹைன்கெலுக்குப் போக வேண்டாம். 1944-இல் போருக்கு வந்த அமெரிக்காவின் முஸ்டாங் பி-51டி இருக்கிறது. அதன் கூரை ஒரே குமிழாக வார்த்தது. சட்டங்கள் பெரும்பாலும் முன்கண்ணாடியோடு சரி. அதில் கை பழகியபின் சட்டம் நிறைந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109. ஹைன்கெலின் கோணல் மூக்கு அதற்குப் பிறகு இருக்கட்டும். எதை எடுத்தாலும், புது பிளேடு வாங்கும் காசில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.