ரேடியேட்டருக்குள் ரோஸ் மில்க்

2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர் வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அமெரிக்கர்கள் பலருக்கு ஒரே தலைவலி. நடுத்தர வேகத்தில் வண்டி உதறும், கியர் வழுக்கும். பெரும் பணம் கொட்டி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையே மாற்றுவார்கள். ஆனாலும் சிலருக்கு மறுபடியும் அதே உதறல்!

உண்மையான குற்றவாளி ரேடியேட்டர்.

கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும் அல்லவா? அதைக் குளிர்விக்கும் சின்னக் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆயில் ஒரு பக்கம், கூலன்ட் தண்ணீர் மறுபக்கம். நடுவே மெல்லிய தடுப்பு. அதில் விரிசல் விட்டால் இரண்டும் கலந்துவிடும். கிளட்ச் தட்டுகளின் மேல்பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீரும் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனமும் இளக்கிவிடும். பிறகென்ன, வழுக்கல்தான். பழைய ரேடியேட்டரை அப்படியே விட்டுப் புது கியர்பாக்ஸ் போட்டால், ஓட்டைப் பானையில் பால் ஊற்றிய கதை.

எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாலே குட்டு வெளிப்படும். சிவப்பு ஆயிலும் தண்ணீரும் கலந்து, இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று நிற்கும். அமெரிக்கர்கள் இதற்கு வைத்த பெயர் ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக். நம்மூரில் ரோஸ் மில்க் என்றிருப்பார்கள்!

விவகாரம் நீதிமன்றம் வரை போனது. நிறுவனம் ரேடியேட்டருக்கான வாரன்ட்டியை முதலில் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என நீட்டித்தது. அதையும் தாண்டிய வண்டிகளுக்கு உரிமையாளர்களே வழி கண்டார்கள்: ஆயில் குழாயை ரேடியேட்டரிலிருந்து பிரித்து, முன்புறம் தனிக் கூலர் பொருத்திவிடுவது. கடும் குளிரில் ஆயில் சூடேறக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.