அறுநூற்றுச் சொச்சம்!

(மேச்சேரிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் கழுத்தில் மாலை விழுவதற்கு முன்பே காதில் கேள்வி விழுகிறது. "அடுத்த தேர்தலில் நம்ம தொகுதியில் யார் நிற்பார்? யார் வருவார்?" மேச்சேரியும் அதற்கு விலக்கன்று. கேட்கும் தோழர் விடைக்காகக் காத்திருப்பதும் இல்லை. விடையைத் தாமே மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "இந்த முறை நாமதான், சந்தேகமே வேண்டாம்!" என்கிறார். அந்த உறுதியைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, அச்சம்தான் வருகிறது. ஏன் அச்சம் என்று சொல்லத்தான் இன்றிரவு உங்களையெல்லாம் சீமைக்கு அழைத்துப் போகிறேன். கப்பற் கட்டணம் கிடையாது!

சீமை எதற்கு? நாட்டைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, தொகுதிக்கு ஒருவர் என்று வைத்து, மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வென்றவர் என்று அறிவிக்கிறோமே, அந்த முறை அங்கிருந்து வந்தது. ஆள வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டனர். அவர்கள் வகுத்த தேர்தல் முறை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. ஒரு கருவியின் குணம் அது பிறந்த பட்டறையில்தானே நன்றாகத் தெரியும்?

2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் பிரிட்டனில் பொதுத் தேர்தல். 650 தொகுதிகள். பதினான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி ஒருபுறம், தொழிற்கட்சி மறுபுறம், இடையிலே லிபரல் டெமாக்ரட்டுகள், பசுமைக் கட்சியினர், ரிஃபார்ம் கட்சியினர். இரவு பத்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது. மணி பத்து அடித்ததும், ஒரு பெட்டிகூடத் திறக்கப்படுவதற்கு முன், தொலைக்காட்சியில் முடிவு வந்துவிட்டது! தொழிற்கட்சிக்கு 410 இடம், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 131 இடம் என்றார்கள்.

இது என்ன மாயம் என்று மற்ற ஊரார் மலைக்கலாம், மேச்சேரிக்காரர்கள் மலைக்கமாட்டீர்கள். மேச்சேரி ஆடு என்றால் நாடறியும். ஆடு வாங்க வரும் வியாபாரி தராசையா தேடுகிறார்? முதுகில் விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறார். இரு கையாலும் ஒரு தூக்குத் தூக்கிப் பார்க்கிறார். "இத்தனை கிலோ கறி விழும்" என்கிறார். பெரும்பாலும் தப்புவதில்லை. சீமையிலும் அந்த வித்தைதான். நூற்று முப்பது சாவடி அளவுக்குத் தெரிந்தெடுத்து, வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம், "இப்போது போட்டதைப் போலவே இன்னொரு முறை இந்தத் தாளில் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டு வாங்கி, பழைய கணக்கோடு ஒப்பிட்டு எடை சொல்கிறார்கள்.

எடை சரியாக வந்ததா? தொழிற்கட்சிக்கு 410 என்றனர், தராசில் நின்றது 411. கைத்தட்டலாம்! ஆனால் ரிஃபார்ம் கட்சிக்கு 13 என்றனர், கிடைத்தது 5. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 61 என்றனர், கிடைத்தது 72. மொத்த மந்தையின் எடையைச் சொன்ன கை, தனி ஆட்டின் எடையில் தடுமாறியது. நாமோ மந்தையில் வாழ்பவர்கள் அல்லர் தோழர்களே, ஒரு தொகுதியில் வாழ்பவர்கள்!

அந்த இரவில் ஒரு தொகுதியைப் பாருங்கள். தென்மேற்கு நார்ஃபோக். வயலும் வாய்க்காலுமான நாட்டுப்புறம். அங்கே வேட்பாளர் லிஸ் டிரஸ் அம்மையார். 2022இல் ஏழு வாரம் பிரதமர் நாற்காலியில் இருந்தவர். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் அங்கே பெற்ற கூடுதல் வாக்கு எவ்வளவு தெரியுமா? 26,195! இப்படி ஒரு கூடுதல் இருந்தால் நம் ஊரில் வேட்பாளர் தெருவுக்கு வருவாரா? வாகனத்தின் மேலிருந்து கைகூப்பிவிட்டுப் போய்விடுவார். ஐந்தே ஆண்டுகள், அந்த 26,195 எங்கே போயிற்று? 2024இல் டிரஸ் பெற்றது 11,217. அந்த வட்டாரத்து உள்ளாட்சி மன்றங்களில் பணியாற்றி வந்த டெர்ரி ஜெர்மி என்ற தொழிற்கட்சிக்காரர் பெற்றது 11,847. வித்தியாசம் 630.

ஜெர்மி வென்றது நூற்றுக்கு இருபத்தேழுக்கும் குறைவான வாக்கில். மற்ற வாக்குகள் எங்கே? ரிஃபார்ம் கட்சி ஏறத்தாழப் பத்தாயிரத்தைப் பிரித்துக்கொண்டது. "நமக்கு உள்ளூர்க் குரல் வேண்டும்" என்று சுயேச்சையாக நின்ற ஒருவர் ஆறாயிரத்துக்கு மேல் அள்ளிக்கொண்டார். பிரதமராக இருந்தவர் என்ற பெருமை, ஓர் உள்ளூர்ச் சுயேச்சை எடுத்த ஆறாயிரத்தை ஈடுகட்டவில்லை.

630 என்ற எண்ணைக் கேட்டதும் இங்கே சிலர் முகம் மாறுகிறது. மாறத்தான் வேண்டும். மேச்சேரி எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது? மேட்டூர். 2021இல் மேட்டூரில் என்ன நடந்தது? பா.ம.க.வின் சதாசிவம் வென்றார், தி.மு.க.வின் சீனிவாச பெருமாள் தோற்றார். வித்தியாசம் 656! இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குகள் விழுந்த தொகுதியில் அறுநூற்றைம்பத்தாறு. வென்ற பக்கத்து நண்பர்களும் தோற்ற பக்கத்து நண்பர்களும் இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். எவரையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆயினும் இந்தக் கணக்குப் போட எனக்குப் பட்டம் வேண்டியதில்லை. 329 பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் முடிவு தலைகீழ். 329 பேர் என்றால் எவ்வளவு? ஒரு நடுத்தரக் கலியாணத்தில் இரண்டு பந்தி! அந்த இரண்டு பந்திக்கு உரியவர்கள் எந்தத் தெருவில் இருந்தார்கள், யார் அவர்கள் வாயிற்படி ஏறினார்கள், யார் ஏறாமல் விட்டார்கள்?

"அதெல்லாம் இருக்கட்டும், அலை வீசினால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்" என்பார் நம் தேநீர்க் கடை நண்பர். அலை உண்டு, மறுக்கவில்லை. 1945இல் இங்கிலாந்தில் வீசியதே! போரை வென்ற பெருமையோடு சர்ச்சில் தேர்தலைச் சந்தித்தார். உலகமே அவருக்கு வெற்றி என்றது. தொழிற்கட்சி முன்னே நிற்கிறது என்று கருத்துக் கணிப்பு ஒன்று ஏட்டில் வெளிவந்தது, படித்தவர்கள் நம்பவில்லை. முடிவு வந்தபோது அட்லியின் தொழிற்கட்சிக்கு 393 இடங்கள்! ஆனால் அந்த அலைக்குள்ளே ஒரு தொகுதியைக் கவனியுங்கள். சர்ச்சில் நின்ற ஊட்ஃபோர்டில், அவரை மதித்துப் பெரிய கட்சிகள் வேட்பாளரை நிறுத்தவில்லை. பெயர் தெரியாத ஒரு சுயேச்சை மட்டும் எதிர்த்து நின்றார். அவருக்கு விழுந்த வாக்கு பத்தாயிரத்துக்கு மேல்! போட்டியே இல்லை என்று எல்லோரும் தூங்கிய தொகுதியில் பத்தாயிரம் பேர் விழித்திருந்தனர்.

இந்த முறையின் வேடிக்கையை இன்னும் ஒரு விதத்தில் பாருங்கள். 2024இல் தொழிற்கட்சி பெற்றது நூற்றுக்கு 33.7 வாக்கு, இடமோ 411. ரிஃபார்ம் கட்சி பெற்றது 14.3, இடம் ஐந்து. லிபரல் டெமாக்ரட்டுகள் பெற்றது அதைவிடக் குறைவு, 12.2தான்; இடம் 72! நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் காரணம் புரிகிறதா? நாடெங்கும் பரவலாகத் தூவிய விதை எங்கும் பத்து நெல் முளைத்து எங்கும் போர் அடிக்க ஆகாமல் போயிற்று. ஒரு சில வயலைத் தேர்ந்து, உழுது, அண்டை வெட்டி, நீர் பாய்ச்சியவர் மூட்டை கட்டினார். நம் மாநிலத்துக்கும் இது தெரியாத பாடமன்று. 1967இல் காங்கிரசு பெற்ற வாக்கு விழுக்காடு தி.மு.க.வைவிட ஒரு துளி கூடுதல், ஆட்சி போய்விட்டது. அதே ஆண்டு விருதுநகரில் காமராசர் தோற்றார்; எதிர்த்தவர் ஒரு மாணவர் தலைவர், வித்தியாசம் 1,285. காமராசரைவிடப் பெரிய பெயர் அன்று அந்த முகாமில் இருந்ததா?

சரி, வேட்பாளர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டுமா, வெளியூர்க்காரர் ஆகாதா? இந்தச் சண்டை நம்மிடையே எப்போதும் உண்டு. தாதாபாய் நௌரோஜியின் கதையைக் கேளுங்கள். 1886இல் ஹோல்போர்ன் தொகுதியில் நின்றார், தோற்றார். இரண்டாண்டு கழித்து அந்நாட்டுப் பிரதமர் சால்ஸ்பரி பிரபு, கறுப்பர் ஒருவரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்குமா என்று மேடையிலேயே ஏளனம் பேசினார். அந்த ஏளனமே நௌரோஜியின் பெயரை நாடெங்கும் பரப்பிவிட்டது! 1892இல் மத்திய ஃபின்ஸ்பரியில் நின்றார், வென்றார். எத்தனை வாக்கில்? ஐந்தே ஐந்து! தோல் நிறம் கேட்டவர்களும் இருந்தனர். அதைக் கேளாமல் வாக்களித்தவர்கள் அவர்களைவிட ஐந்து பேர் கூடுதலாக இருந்தனர்.

நூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே லண்டனில் உமா குமரன் என்ற தமிழ்ப்பெண் நின்றார். ஈழத்துப் போரிலிருந்து தப்பிச் சென்ற பெற்றோருக்குக் கிழக்கு லண்டனில் பிறந்த மகள். 2015இல் கிழக்கு ஹாரோவில் நின்று தோற்றவர். 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்டு–போ தொகுதியில் 19,145 வாக்குப் பெற்று, 11,634 கூடுதலில் வென்றார். இங்கே நம் ஏடுகள் தமிழச்சி வென்றார் என்று கொட்டை எழுத்தில் போட்டன, மகிழ்ந்தோம், மகிழ்வோம். ஆனால் அதே இரவு பிரிஸ்டலில் இன்னொரு தமிழ்ப் பெயர் தோற்றது. தங்கம் டெபனேர்! தந்தைவழியில் தமிழ்க் குருதி உடையவர், நிழல் அமைச்சர், தம் கட்சி நாடெங்கும் வெல்கின்ற இரவில், அமைச்சராவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த இரவில், பசுமைக் கட்சியின் கார்லா டெனியரிடம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கில் தோற்றார். அலை அடித்தது, அவருடைய படகோ கவிழ்ந்தது. கார்லா டெனியர் அந்த ஒரே தொகுதியில் பல்லாண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய நகர்மன்ற உறுப்பினர் என்பதை ஏடுகள் கொட்டை எழுத்தில் போடவில்லை.

ஜெரமி கார்பின் கதை வேறு வகை. 1983 முதல் வடக்கு இஸ்லிங்டனின் உறுப்பினர். கட்சியின் தலைவராகவே இருந்தவர். கட்சி அவரை விலக்கியது. சுயேச்சையாக நின்றார், 7,247 கூடுதலில் வென்றார். இதைச் சொன்னால் சீட்டுக் கிடைக்காத நண்பர் ஒருவர் உடனே சுயேச்சைக் கனவு காண்பார்! அவருக்கு ஒரு சொல்: நாற்பத்தோராண்டு ஒரே தொகுதியில் மக்களோடு இருந்துவிட்டு அந்தக் கனவைக் காணட்டும்.

நான் நாடகம் எழுதுபவன். ஆகவே அங்கே எனக்கு மிகப் பிடித்த காட்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. வாக்கெண்ணி முடிந்ததும் வேட்பாளர்கள் ஒரே மேடையில் வரிசையாக நிற்பது வழக்கம். தேர்தல் அதிகாரி பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பார். 2024இல் ரிச்மண்ட்–நார்தாலர்ட்டன் தொகுதியில் பிரதமர் ரிஷி சுனக் அப்படி நின்றார். அதே மேடையில் யார்? தலையில் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு வேடிக்கை வேட்பாளர்! கவுண்ட் பின்ஃபேஸ் என்று பெயர், 308 வாக்கு. இப்படி ஒரு காட்சியை என் நாடகத்தில் எழுதியிருந்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆட்சியை இழந்த பிரதமரும் குப்பைத் தொட்டிக்காரரும் ஒரே மேடையில் ஒரே மௌனத்தோடு எண்களைக் கேட்கிறார்கள். அந்த ஒரு மணித்துளிக்காக அவர்கள் சனநாயகத்தை நான் மதிக்கிறேன்.

இனி நம் கையில் உள்ள வேலை. மேச்சேரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டோடு லண்டனில் முறைப்படி குடியிருந்து வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், பட்டியலில் பெயர் சேர்த்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களிக்கலாம்! ஆனால் மேட்டூர்த் தொகுதிக்கு வாக்களிக்க வேண்டுமானால்? 2010இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி பெயர் பதிந்துகொள்ளலாம்; வாக்குப் போட மட்டும் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி இங்கே நேரில் வந்து நிற்க வேண்டும். 1945இல் கடல் கடந்த நாடுகளில் இருந்த போர்வீரர்களின் வாக்குகள் வந்து சேர்வதற்காக, சூலை 5இல் வாக்களித்த நாடு சூலை 26 வரை பெட்டிகளைத் திறக்காமல் காத்திருந்தது. நமக்காக அப்படிக் காத்திருப்பவர் இல்லை.

லண்டன்காரர் சிலர்தான். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள்? அவர்களுள் 329 பேர் இந்தத் தொகுதியில் இல்லையா? கிளைச் செயலாளர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு ரூல் நோட்டு வாங்குங்கள். ஒன்றில் உங்கள் சாவடியின் வாக்காளர் பட்டியலைத் தெரு வாரியாக எழுதுங்கள். மற்றதில் வெளியூர் போனவர்கள் பெயர், ஊர், வீட்டில் இருக்கும் உறவினர் பெயர், பொங்கலுக்கு வருவார்களா, அம்மன் பண்டிகைக்கு வருவார்களா என்பதை எழுதுங்கள். வேட்பாளர் யார் என்பது அறிவிக்கப்படும் நாளில் அறிவிக்கப்படும். அடுத்த முறை நான் வரும்போது இந்த இரண்டு நோட்டையும் வாங்கிப் பார்ப்பேன்.