எங்கள் வீட்டுத் தூக்குக்குண்டு



"மூன்று தலைமுறையாக வீடு கட்டும் குடும்பம்" என்று கட்டுமான நிறுவனங்கள் விளம்பரம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான். தாத்தா சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவர். அப்பா சிமெண்ட் காலத்துக் கொத்தனார். தம்பி சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு வேலைக்குப் போகிறான். விளம்பரக் குடும்பத்தில் பாட்டன் விட்டுப்போனது மனையும் முதலும், வங்கியில் நல்ல பெயரும். எங்கள் தாத்தா விட்டுப்போனது ஒரு தூக்குக்குண்டு. நூலை மாற்றி மாற்றி அப்பா இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறார்.

அம்மா 26 வருடம் சித்தாள். கலவையின் பதம், சுவரின் சாய்வு எல்லாம் கண்ணால் பார்த்தே சொல்வார். கரண்டியை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. அவரோடு சட்டி தூக்க வந்த பையன்கள் சில வருடத்தில் கொத்தனார் ஆனார்கள். "ஏம்ப்பா அம்மாவுக்குச் சொல்லித்தரல?" என்று அப்பாவிடம் கேட்டேன். சிரித்தார். அம்பேத்கர் படம் மாட்டியிருக்கும் வீடுதான் எங்களுடையது.

தம்பி ஒரு கம்பெனிக்கு சைட் இன்ஜினியர் நேர்காணலுக்குப் போனான். எந்த ஊர் என்றார்கள். ஊருக்குள்ளயா, காலனியா என்றார்கள். அப்பா என்ன வேலை என்றார்கள். கொத்தனார் என்றதும் முகம் மலர்ந்துவிட்டதாம். "அப்ப மேஸ்திரியா வந்துடேன் தம்பி, உனக்கு ரத்தத்துலயே இருக்குமே." சான்றிதழை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரின் திறமையைப் பார்க்காமல் பெற்றோரின் நிலையைப் பார்த்து வேலை ஒதுக்குகிறது சாதி என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். நேர்காணலுக்கு ஏசி அறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பவழிப் பாரம்பரியத் தொழில்கள் என்று 18 தொழில்கள். கொத்து வேலையும் அதில் உண்டு. 18 வயது ஆனால் போதும், 5 சதவீத வட்டியில் 3 லட்சம் வரை கடன். கல்லூரிக்குப் போகிற வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன்! 1953இல் ராஜாஜி பிள்ளைகளைப் பாதி நாள் பள்ளிக்கும் பாதி நாள் அப்பன் தொழிலுக்கும் அனுப்பப் பார்த்தார். பெரியார் போராடினார், 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். அந்த நினைவு இருப்பதால்தான் தமிழ்நாடு விஸ்வகர்மாவை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல், குறைந்தபட்ச வயதை 35 ஆக்கி, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அது சரியான முடிவு என்றுதான் நான் மேடைக்கு மேடை பேசுகிறேன்.

ஒரு கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது தம்பி கேட்டான்: "அக்கா, பதினெட்டுல கடன் குடுத்தா குலத்தொழிலுங்குற. முப்பத்தஞ்சு வரைக்கும் படிச்ச வேலைக்குப் போன்னு சொல்ற. படிச்சு ஆறு வருசமாச்சு. வேலை எங்கக்கா?"

கடனை மறுத்தது சரி. அதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று வருடத்துக்கு ஒரு தீர்மானம் போடுகிறோம். கட்டுமான நிறுவனங்களில் எத்தனை இன்ஜினியர்கள் சித்தாள்களின் பிள்ளைகள் என்ற கணக்கையாவது கேட்டிருக்கிறோமா?

போன வாரம் தம்பி வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் நிரப்பினான். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். தந்தையின் தொழில் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தான். நானும் நிரப்பச் சொல்லவில்லை.