பழைய தழும்பை மறக்காதீர்கள்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து முடித்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் பேசுகிறேன். பிரசவ வலியின்போது கர்ப்பப்பை கிழிந்து போவதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மூத்த பிள்ளையை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒன்றேகால் வருடத்தில் அடுத்த பிரசவம். சாயந்தரம் வலி கண்டது. "பொய்வலியா இருக்கும், விடியட்டும்" என்று லயத்திலேயே இருந்துவிட்டார்கள். நடுராத்திரியில் வலி சட்டென்று நின்றது. பிறகு வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்துத் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. அந்த அக்கா பிறகு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வலி நின்னுச்சின்னு சந்தோஷப்பட்டோம் ஐயா."

ஏன் இப்படி ஆகிறது? ஆபரேஷன் செய்த இடத்தில் கர்ப்பப்பையிலும் ஒரு தழும்பு இருக்கிறது. வலி எடுத்து கர்ப்பப்பை இறுகும்போது, அந்த இடம் விட்டுப் போகலாம். அப்போது உள்ளே ரத்தம் கொட்டும், பிள்ளைக்கு மூச்சு கிடைக்காது. நிமிஷக் கணக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு முறை சிசேரியன் செய்தவர்கள் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற முயன்றால், ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி ஆகிறது. 10 பேரில் 7 பேர் போல நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் அந்த முயற்சி ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், லயத்துக் காம்பராவில் அல்ல.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

முன்பு சிசேரியன் செய்தவர்கள். கர்ப்பப்பையில் கட்டி எடுத்தவர்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததுக்கும் 18 மாதம்கூட இடைவெளி இல்லாதவர்கள். ஐந்து, ஆறு பிள்ளை பெற்றவர்கள். பிள்ளை குறுக்கே கிடப்பவர்கள். வலி கண்டு வெகுநேரமாகியும் பிள்ளை இறங்காதவர்கள். இவர்களில் சிலருக்குத் தழும்பே இல்லாமலும் கிழியலாம், ஆனால் அது மிக அபூர்வம்.

வலி கூட்டுவதற்கென்று வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் தள்ளவும் வேண்டாம்.

இந்த அறிகுறிகளை மனதில் வையுங்கள். வலிக்கும் வலிக்கும் நடுவில்கூட வயிறு விடாமல் நோவது, பழைய தழும்பில் நோவு, ரத்தப் போக்கு, பிள்ளை அசைவு குறைவது, மயக்கம், வந்த வலி திடீரென்று நிற்பது. இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. முதல் ஆபரேஷன் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்து, கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். வெளித் தழும்பை மட்டும் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று டாக்டருக்குச் சொல்ல முடியாது. எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வார்ட்டில் வந்து படுக்கச் சொன்னால், "பேர் போயிடும்" என்று தள்ளிப் போடாதீர்கள். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட மருத்துவிச்சி அம்மாவிடம் வழி கேளுங்கள்.

தகப்பன்மார்களே, இது உங்கள் வேலை: 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது லயம்வரை ஏறாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், அதுவரை தாயை எந்த வாகனத்தில் இறக்குவது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.

மாமியார்மார்களே, வீட்டில் உங்கள் சொல்தான் எடுபடுகிறது. அடுத்த முறை "விடியட்டும்" என்று சொல்லாமல் "கெளம்புங்க" என்று நீங்கள் சொன்னால், இரண்டு உயிர் பிழைக்கும்.