சூடான கனெக்டர்

(புதுச்சேரியில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ரிமோட் காரின் பேட்டரிக்கு கனெக்டர் பற்றவைக்கும் வேலையைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன். இதற்கெல்லாம் ஓர் உரையா என்று கேட்பீர்கள். 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தால் பல பள்ளிகளுக்குள் சால்டரிங் அயர்ன் வந்துவிட்டது. அதை எப்படிப் பிடிப்பது என்று பி.எட். வகுப்பில் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு கண்காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தி, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய காருக்குப் புது மோட்டார் மாட்டியிருந்தாள். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட். அதில் எக்ஸ்டி60 என்ற மஞ்சள் கனெக்டரைப் பற்றவைத்தது நான். கார் இரண்டு சுற்று பறந்தது, மூன்றாவது சுற்றில் தள்ளாடி நின்றது. எல்லோர் முன்னாலும், "சார்ஜ் போட மறந்துட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இல்ல சார், காலையில 12.5 காட்டிச்சு" என்றாள். நான் நம்பவில்லை.

சாயங்காலம் பொருள்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன். கனெக்டரின் நைலான் இளகி, ஒரு முனை சாய்ந்திருந்தது. தப்பு பேட்டரியில் இல்லை. நான் போட்ட பற்றில்.

பற்றவைத்ததும் மல்டிமீட்டரில் சோதித்திருந்தேனே! 'பீப்' என்று கத்தியதே! அங்கேதான் ஏமாந்தேன். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். நாம் வாங்கும் சாதாரண மீட்டருக்கு 0.1 ஓமுக்குக் கீழே வேறுபாடு தெரியாது. கெட்ட பற்றின் மின்தடை 0.01 ஓம் என்று வையுங்கள். கார் சீறும்போது 40 ஆம்பியர் ஓடினால், பத்தாம் வகுப்பு ஜூல் வெப்ப விதிப்படி 40×40×0.01, அதாவது 16 வாட். நம் ஆய்வகத்துச் சின்ன அயர்ன் 25 வாட். கடலை அளவு இடத்துக்குள் ஓர் அயர்னையே ஒளித்து வைத்ததுபோலத்தான்.

சரியாகச் சோதிக்க வழி இருக்கிறது. மெக்கானிக் கடையில் 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு கிடைக்கும். அதை கனெக்டர் வழியாக எரியவிடுங்கள். நாலரை ஆம்பியர் ஓடும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, பற்றின் இருபுறமும் தொடுங்கள். நல்ல பற்றில் ஓரிரு மில்லிவோல்ட்தான் காட்டும். என்னுடையது போன்றதில் நாற்பதைத் தாண்டும். பல்பு கொதிக்கும், கை படக்கூடாது.

என் பற்று ஏன் கெட்டது? பேட்டரி ஒயர் தடிமனானது. 25 வாட் அயர்னின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டது. ஈயம் உருகி மேலே உட்கார்ந்ததே தவிர, செம்போடு ஒட்டவில்லை. 'பொடி வைத்துப் பேசுவது' என்ற வழக்கே பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்தது என்பார்கள். அவர் ஊதுகுழலால் சூடாக்குவது நகையை. நகை சூடானால் பொடி தானே உருகி ஓடும். இங்கேயும் அதேதான். 60 வாட் அயர்ன், பட்டையான முனை. ஒயரும் கிண்ணமும் சூடேறி, ஈயம் அவற்றின் மேல் பட்டு உருகவேண்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை கடல்காற்று. பழைய ஒயரின் செம்பு கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காது. பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிடுங்கள். பற்றவைக்கும்போது எதிர் கனெக்டரைச் செருகி வையுங்கள்; நைலான் இளகினாலும் முனைகள் நகராது. சுருங்கு குழாயை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். நான் எத்தனை முறை மறந்திருக்கிறேன் என்பதைச் சொல்லமாட்டேன்.

இப்போது சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் மின்சாரத்துக்கு சுவிட்ச் உண்டு, பேட்டரிக்குக் கிடையாது. கையில் எடுத்த நொடியிலிருந்து அது உயிரோடு இருக்கிறது. பழைய கனெக்டரை நீக்கும்போது இரண்டு ஒயரையும் சேர்த்து வெட்டினால் கட்டிங் பிளையர் வழியாகவே குறுக்குச்சுற்று ஏற்படும். தீப்பொறி பறக்கும், பேட்டரி தீப்பிடிக்கவும் செய்யும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, குழாயால் மூடிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். பேட்டரிப் பக்கம் எப்போதும் துளையுள்ள கனெக்டர்தான். உலோகம் வெளியே தெரியக்கூடாது. பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் மதியச் சோற்றில் கைவைக்க விடாதீர்கள்.

அந்த மாணவியிடம் மறுநாள், அதே வகுப்பின் முன்னால், தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அப்ப நானே பத்தவெச்சுக்கறேன் சார்" என்றாள். வைத்தாள். பல்பு போட்டுப் பார்த்தோம், 2 மில்லிவோல்ட்.

பின்னால் மேசைகளில் அயர்ன்கள் சூடாகிவிட்டன. முதலில் பேட்டரி வேண்டாம், வெறும் ஒயர்த்துண்டில் தொடங்குவோம். வாருங்கள்.