புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் விளங்க வேண்டிய இம்மேடையில், கரப்பான் மருந்தையும் தரை கழுவும் பினாயிலையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று நீங்கள் வியப்படையலாம். ஆயினும், தமிழ் வாழும் நம் இல்லங்களிலேதான் இப்பொருள்களும் வாழ்கின்றன. மோதி பாக்கில் எந்த வீட்டுக் குளியலறை அலமாரியைத் திறந்தாலும் கழிப்பறை கழுவும் அமிலம், துணி வெளுக்கும் திரவம், பினாயில், கொசு மருந்து, அந்துருண்டை இவற்றுள் மூன்று நான்காவது கண்ணில் படும். நம் பாட்டிமார் காலத்தில் சாம்பலும் சாணமும் சீயக்காயும் செய்த வேலையை இன்று இவை செய்கின்றன. இவற்றை அறவே விலக்கி வாழ்வது அரிது. ஆனால் அறிந்து வாழலாம். அவ்வறிவை நமக்குத் தருவதற்காக ஏற்பட்டதே, புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் என்னும் சிறு சீட்டு.

அச்சீட்டு எளிதில் வந்ததன்று. 1958ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அந்நாளைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்டவர்கள் திடீரென நோயுற்று விழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிக்கொல்லி உணவுப் பண்டத்தில் கலந்துவிட்டதே காரணம். உயிர் வளர்க்கும் உணவும் உயிர் போக்கும் நஞ்சும் ஒன்றாகப் பயணம் செய்தன. அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி அன்று இல்லை. நீதிபதி ஜே. சி. ஷா அவர்களின் தலைமையில் மத்திய அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பயனாகப் பத்தாண்டுகள் கழித்து, 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971இல் அதன் விதிகளும் பிறந்தன. நம் தென்னாட்டு மக்கள் உயிரைக் கொடுத்துப் பெற்ற சட்டம் அது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அச்சட்டத்தின்படி, பூச்சிக்கொல்லி எதனையும் முன்கூட்டிப் பதிவு செய்யாமல் விற்கலாகாது. அது பயன் தருமா, மனிதருக்கும் விலங்குகளுக்கும் எந்த அளவு தீங்கு செய்யும் என்பதற்கான சோதனை முடிவுகளைத் தயாரிப்பவரே பதிவுக் குழுவின் முன் வைக்க வேண்டும். கடையில் விற்கும் சரக்கின் மாதிரிகளைச் சோதிப்பதற்கென்று, நமக்கு அருகிலுள்ள ஃபரீதாபாத்தில் மத்திய ஆய்வுக்கூடம் ஒன்றும் இருக்கிறது. நம் வீட்டுக் கொசுவத்திச் சுருளும் கரப்பான் தெளிப்பானும் இச்சட்டத்திற்கு உட்பட்டவையே. ஆகையால் பதிவு எண் இல்லாத கொசு மருந்தை, விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

பூச்சிக்கொல்லிச் சீட்டில், முனையில் நிறுத்திய சதுரம் ஒன்றைக் காண்பீர்கள். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் வன்மையைக் கூறும். சிவப்பு மிகக் கொடியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட அளவே, சோதனைக்குரிய விலங்குகளில் பாதியைக் கொன்றுவிடும். 51 முதல் 500 மில்லிகிராம் வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கும் மேற்பட்டது பச்சை. சிவப்பின் மேற்பாதியில் மண்டையோடும் எலும்புகளும் வரையப்பட்டிருக்கும். எழுத்தறியாதவரும் நிறத்தைக் கண்டு விலக வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: பச்சை என்பது தீங்கற்றது என்று பொருள்படாது, தீங்கு குறைந்தது என்றே பொருள்படும்.

வண்ணப் பூச்சின் கதையும் இத்தகையதே. கதவிலும் சன்னலிலும் பூசும் வண்ணத்தில் கலந்த ஈயத்தைக் கண்ணால் காண முடியாது, ஆய்வுக்கூடமே காட்டும். உதிர்ந்த பூச்சைத் தின்னும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது குலைக்கும். 2016இல் வந்த விதி, வீட்டு வண்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது என்று வரையறுத்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் குளியலறை அமிலமோ பூச்சிக்கொல்லி அன்று. ஆகையால் நான் கூறிய நான்கு நிறங்கள் அதன் புட்டியில் இரா. மகளிர் மீது அமிலம் வீசும் கொடுமையைத் தடுக்கும் பொருட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணை பிறப்பித்தது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு அமிலம் விற்கலாகாது. வாங்குபவரின் அடையாளத்தைக் கண்டு, பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும் என்பது அவ்வாணை. இருந்தும், பழைய குளிர்பானப் புட்டிகளில் அமிலமும் பினாயிலும் ஊற்றி விற்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வரும் குழந்தைக்கு, அந்தப் புட்டியின் வடிவமே ஒரு லேபிள். ‘என்னைக் குடி’ என்கிறது அது. நஞ்சைப் புட்டி மாற்றி வைப்பது, அதன் சீட்டைக் கிழித்து எறிவதற்குச் சமம்.

பிற நாடுகளிலும் இத்துன்பம் இருந்ததுண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்கான சோடாக் காரத்தை விழுங்கி உணவுக்குழாய் வெந்துபோன குழந்தைகளுக்கு, செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் ஆண்டுக் கணக்கில் சிகிச்சை செய்தார். குழந்தைகளைக் காப்பாற்றுவதோடு அமையாமல், புட்டியின் மேல் ‘விஷம்’ என்று அச்சிட வேண்டும் என்று ஓயாது போராடினார். 1927இல் அதற்கான சட்டம் நிறைவேறிற்று. தனி மனிதர் ஒருவரின் விடாமுயற்சி ஒரு நாட்டின் சட்டமாயிற்று.

இனி, நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கே உரிய இடர் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பொட்டலப் பண்டங்களைப் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, சீட்டில் கட்டாயமாகத் தர வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். பிற மொழிகளைச் சேர்ப்பது தயாரிப்பவரின் விருப்பம். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் பகலெல்லாம் பேரக் குழந்தையைக் காப்பவர் யார்? தஞ்சையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்திருக்கும் பாட்டி அல்லரோ! தமிழை நன்கு வாசிக்கும் அம்மூதாட்டிக்கு, அந்த வீட்டிலேயே மிக ஆபத்தான புட்டி ஊமையாக நிற்கிறது. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்த மொழி புட்டியில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப அரசாங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் சங்கம் தமிழில் அச்சிட்ட சிறு சீட்டுகளை வீடுதோறும் வழங்கலாம். ‘விஷம்’, ‘அமிலம்: தொடாதே’, ‘இதை வேறொன்றுடன் கலக்காதே’ என்ற சில சொற்களே போதும். இங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயிலும் நம் சிறுவர்கள் தம் கையாலேயே அவற்றை எழுதி ஒட்டட்டும். ஏட்டில் மட்டும் படித்த தமிழ், பாட்டியையும் தம்பியையும் காக்கும் தமிழாகும்.

தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. கழிப்பறை அமிலத்தையும் வெளுப்புத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணற வைக்கும் குளோரின் வாயு கிளம்பும். குழந்தை அமிலத்தையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால், உப்புக் கரைசல், புளிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவருக்கு முதற்குறிப்பு அச்சீட்டே. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 116 117. இவ்வெண்ணை அலமாரிக் கதவில் இன்றே எழுதி ஒட்டுங்கள்.

அன்பர்களே! சட்டம் சீட்டைப் புட்டி வரை கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து அதைப் படிப்பவர் கண்ணுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கடமை. அடுத்த ஆண்டு விழாவுக்கு நாம் கூடுவதற்குள், இக்குடியிருப்பில் தமிழ்ச் சீட்டு ஒட்டாத நஞ்சுப் புட்டி ஒன்றும் இல்லை என்னும் நிலையை உண்டாக்குவோமாக!