நீர்க்கரையில் கூடாரம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "எங்கேயாவது போய் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குவதென்றால் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. கூடாரம் என்றால் அப்படியில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். தெரிந்தவர்களிடம் இரவலும் கேட்கலாம். அரிசி, கருவாடு, வெங்காயம், ஒரு சட்டி, இரண்டு பாய் இருந்தால் போதும். ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ ஓர் இரவைப் பிள்ளைகள் பல வருடங்களுக்கு மறக்க மாட்டார்கள்.

இது நல்ல பழக்கம்தான். அதை வேண்டாமென்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. கூடாரத்தைக் கட்டுவது எப்படி என்று வாங்கிய கடையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எந்த இடத்தில் கட்டுவது என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இன்று நாம் பேசப் போவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

நமக்கு அருகிலேயே நடந்த ஒன்றை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள். உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலையோரம் ஒரு கூடாரத் தளம். விடுமுறைக்காக வந்த குடும்பங்கள் அங்கே உறங்கிக்கொண்டிருந்தன. அதிகாலை 3 மணிக்குச் சற்று முன்னர் மேலிருந்த மலைச்சரிவு இடிந்து கூடாரங்களின் மேல் விழுந்தது. சிக்கிக்கொண்ட 92 பேரில் 61 பேர் உயிர் பிழைத்தார்கள். 31 பேர் மாண்டார்கள். அவர்களில் பிஞ்சுக் குழந்தைகளும் உண்டு. அந்த இடத்துக்குக் கூடாரத் தளம் நடத்தும் உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் அறிவித்தார்கள்.

அங்கே உறங்கியவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. இடம் சமதளமாக இருந்தது, பசுமையாக இருந்தது, மற்றவர்களும் அங்கே தங்கியிருந்தார்கள். நாமாக இருந்தாலும் அங்கேதான் பாயை விரித்திருப்போம். ஆபத்து காலடியில் இல்லை, தலைக்கு மேலே இருந்தது. பல நாள் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி ஊறியிருந்தது. மண் இடிய வேண்டுமானால் அந்த இரவே கொட்டும் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. முந்தைய நாட்களின் மழையே போதும்.

ஆகவே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், படுக்கும் இடத்தைப் பார்க்குமுன் அதற்கு மேலே இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது. குன்றின் அடிவாரத்திலோ, வெட்டிய சரிவின் கீழோ, சரிவின் விளிம்பிலோ கூடாரம் போடக் கூடாது. சரிவிலே புதிய வெடிப்பு தெரிகிறதா, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, சரிவிலிருந்து கலங்கிய நீர் கசிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அங்கே தங்க வேண்டாம். ஒரு வாரமாக மழை விடவில்லை என்றால் மலைப்பக்கப் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.

இனி, நம் சிலாங்கூர் ஆற்றோடு மேலிருந்து கீழாக ஒரு பயணம் போவோம். புக்கிட் பிரேசர் மலைப்பக்கம் பிறந்து, கோலகுபு பாருவைக் கடந்து, பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடி, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கும் ஆறு அது. மலையோரம் ஒரு வகை நீர், நடுவிலே ஒரு வகை, கடலோரம் ஒரு வகை. ஒவ்வொரு நீரின் குணமும் வேறு.

மலையோரத்தில் தொடங்குவோம். கோலகுபுவின் பழைய ஊரை நீர் அழித்த கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஊருக்கு மேலே ஒரு பழைய அணை இருந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அந்த அணை உடைந்தது. வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அங்கே நீதிபதியாக இருந்த செசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் ஊர் மக்கள் பலரும் மாண்டார்கள். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனால்தான் இந்த அழிவு வந்தது என்று மக்கள் ஒரு கதை சொன்னார்கள். கதை எப்படியிருந்தாலும், தேங்கிய நீருக்குக் கீழே குடியிருப்பவன் அந்த நீரை மறந்திருக்கக் கூடாது என்பது உண்மை. பிற்காலத்திலும் வெள்ளமும் சேறும் வந்துகொண்டே இருந்ததால் ஊரையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதுதான் இன்றைய கோலகுபு பாரு.

இன்று அவ்வூருக்கு மேலே சிலாங்கூர் அணைக்கட்டின் பெரிய ஏரி இருக்கிறது. பக்கத்து மலைகளில் அருவிகளும் ஓடைகளும் உண்டு. இவ்விடங்களுக்குப் போகிறவர்கள் அஞ்ச வேண்டியது திடீர் வெள்ளத்துக்கு. மலாய்க்காரர்கள் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். நாம் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். அந்த நீர் சுவர்போல் எழுந்து சில நிமிடங்களில் வந்துவிடும். தெளிந்த நீர் சட்டென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, இவைதாம் அதன் அறிகுறிகள். கண்டவுடன் சட்டி பானையை எடுக்கப் போகாதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் நடுவிலுள்ள மணல் திட்டில் ஒருபோதும் கூடாரம் போடாதீர்கள்.

சரி, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போடலாம்? அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் பனி உருகி நிறையும் மலை ஏரிகள் இருக்கின்றன. அங்கே நீரிலிருந்து 200 அடி தள்ளித்தான் கூடாரம் போடவேண்டும் என்பது விதி. பெரியவர்கள் நடந்தால் சுமார் 70 எட்டு. ஏரியில் குப்பையும் கழிவும் சேரக் கூடாது என்பதற்காக வகுத்த விதி அது. நமக்கு அது இரட்டை நன்மை தரும். ஏரியும் சுத்தமாக இருக்கும். நீர் ஏறினாலும் நாம் தப்பிக்கலாம். 70 எட்டு என்ற கணக்கைப் பிள்ளைகளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தோடு உயரமும் வேண்டும். முன்பு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை மரத்திலும் புதரிலும் ஒட்டியிருக்கும் சேறும் சருகும் காட்டிக் கொடுக்கும். அதற்கும் மேலே இடம் தேடுங்கள்.

ஆற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். பெஸ்தாரி ஜெயாவை நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அங்கே பல காலம் ஈயம் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்கள் இன்று ஏரிகளாக நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். நீர் அசையாமல் கிடக்கும். ஆனால் இவை இயற்கையாக அமைந்த ஏரிகள் அல்ல. கரையில் முழங்கால் அளவு இருக்கும். அடுத்த எட்டிலே ஆளை மூடும் ஆழம் வந்துவிடும். கரை மணலும் காலடியில் சரியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிவைத்தது இத்தகைய நீருக்குத்தான். தூண்டில் போடலாம், குளிக்க இறங்கக் கூடாது.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது? நீச்சல் தெரிந்தவர்கூடப் பதறிப்போய்க் குதிக்க வேண்டாம். மூழ்குகிறவர் காப்பாற்ற வந்தவரையும் சேர்த்து அமுக்கிவிடுவார். மூடியிட்ட காலி எண்ணெய் டின்னில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி எப்போதும் கரையில் வைத்திருங்கள். அதை எறியுங்கள். பிடித்தவுடன் இழுங்கள். 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாகக் கடலோரம். கோல சிலாங்கூரில், மெலாவத்தி குன்றின் அடியில், 1987ஆம் ஆண்டு அமைத்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. அலையாத்தி மரங்களும் ஓர் ஏரியும் நாரைகளும் உள்ள இடம். பகலிலே பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட ஏற்றது. ஆனால் இந்தப் பகுதி ஆற்றங்கரையில் இரவு தங்கும்போது இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். கடல் ஏற்றத்தோடு ஆற்றுநீரும் ஏறும். மாலையில் காய்ந்து கிடந்த இடம் நள்ளிரவில் நனையும். இன்னொன்று, சிலாங்கூர் ஆற்றில் முதலை உண்டு. மீனைக் கழுவுவதும் மிச்சத்தைக் கரையில் கொட்டுவதும் அதற்கு விருந்து அழைப்பு வைப்பதுபோல.

நீரின் ஆபத்து வெள்ளத்தோடு முடிவதில்லை. 2010ஆம் ஆண்டு பகாங் மாநிலத்தில் லூபோக் யூ என்ற நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடி மீட்புப் படையினரும் கிராமத்தாரும் நீரில் இறங்கினார்கள். சில நாட்களில் அவர்களில் பலருக்குக் காய்ச்சல் கண்டது. மண்ணிலும் நீரிலும் இருந்த கிருமிகளால் 8 பேர் இறந்தார்கள். எலிச் சிறுநீர் நோயும் அங்கே சிலரைத் தாக்கியிருந்தது. நம்மில் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் காலிலும் கையிலும் முள் கீறல் இல்லாத நாள் உண்டா? அந்தக் கீறல் வழியாக இந்தக் கிருமிகள் நுழையலாம். புண்ணோடு ஏரியில் இறங்காதீர்கள். ஏரி நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். சாப்பாட்டை மூடிவைத்தால் எலி வராது. வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "ஏரியில் இறங்கினோம்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் மருந்தால் குணப்படுத்தலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் தூக்கி வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் நச்சுப் புகைக்கு நிறமும் மணமும் கிடையாது. உறங்குகிறவர்கள் உறங்கியபடியே இறந்துபோவார்கள். இடி முழங்கினால் ஏரிக்கரையையும் தனித்து நிற்கும் மரத்தையும் விட்டு விலகிக் காரிலோ கட்டடத்திலோ ஒதுங்குங்கள். பட்டுப்போன மரத்தின் கீழும் கூடாரம் வேண்டாம்.

புறப்படுமுன் தளத்துக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கோல சிலாங்கூர் அல்லது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்தில் விசாரியுங்கள். எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இடத்துக்குப் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு மேலே இருக்கும் சரிவும் தெரியாது, கீழே இருக்கும் நீரும் தெரியாது.

நேயர்களே, மண்ணைப் பார்த்து மழையைச் சொல்வதும், வாய்க்காலைப் பார்த்து நீரின் போக்கைச் சொல்வதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கைவந்த கலை. அந்தக் கண்ணோடு இடம் பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள். பாதுகாப்பான மேட்டில் கூடாரம் போட்டு, விளக்கைத் தணித்துவிட்டு உட்காருங்கள். நம் கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாகச் சேர்ந்து மின்னுவதைப் படகில் போய்ப் பார்க்க உலகமெங்குமிருந்து மக்கள் வந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, எல்லோரும் சுகமாக வீடு வந்து சேரட்டும்.